பெரியோரல் டெர்மடைட்டிஸ் உள்ள முகத்துக்கு எந்த ஃபேஸ்வாஷ் வாங்கலாம்?

வாயைச் சுற்றியும் மூக்கோரமும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள், தோல் மருத்துவர் பெரியோரல் டெர்மடைட்டிஸ் என்று சொல்லிவிட்டார், பருவுக்கான ஃபேஸ்வாஷ் போட்டால் எரிகிறது, வீட்டில் போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இது வந்து ஆறியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எரிகிற ஃபேஸ்வாஷை இன்றே நிறுத்திவிடுங்கள். பருவுக்கான ஃபேஸ்வாஷில் சாலிசிலிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு, டீ ட்ரீ ஆயில் போன்றவை இருக்கும். பார்வைக்குப் பரு மாதிரி இருந்தாலும் இது பரு இல்லை. கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்காது. உதட்டை ஒட்டிய ஒரு மெல்லிய வளையம் மட்டும் பெரும்பாலும் பொரியில்லாமல் இருக்கும். ஏற்கெனவே பாதுகாப்பு அடுக்கு பலவீனமாகிப்போன தோலை ஆசிட் போட்டுத் தேய்ப்பதால் புண்தான் மிஞ்சும்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், முகத்தில் வேறு என்ன க்ரீம் போடுகிறீர்கள் என்று பாருங்கள். என் பார்வையில் ஃபேஸ்வாஷை விட முக்கியமான கேள்வி இதுதான். மருந்துக்கடையில் அரிப்பு, பரு, கருமை எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப் என்று கொடுப்பார்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ரீம் போட்ட சில நாளில் சிவப்பு அடங்கும், க்ரீமை விட்டதும் முன்பை விட அதிகமாகப் பொங்கும். 2018-லேயே மத்திய அரசு இப்படிப்பட்ட பல க்ரீம்களை ஷெட்யூல் எச்-இல் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. இன்னமும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பலர் ஸ்டீராய்டை விடும் அதே வாரத்தில்தான் புது ஃபேஸ்வாஷும் வாங்குகிறார்கள். முகம் பொங்கியதும் பழி ஃபேஸ்வாஷ் மேல் விழும். அதைத் தூக்கிப் போட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று. நீங்கள் அப்படி ஏதாவது க்ரீம் போட்டுவந்தால் மருத்துவரிடம் பெயரைச் சொல்லி, எப்படி விடுவது என்று கேளுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே பலவற்றிலும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. என் மருத்துவர் ஸ்ப்ரே அடித்ததும் மூக்குக்குக் கீழே ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

சரி, ஃபேஸ்வாஷுக்கு வருவோம். முதல் சில வாரங்களுக்கு வெறும் தண்ணீர் போதும். மேக்கப், க்ரீம் எல்லாவற்றையும் விட்டுவிடும் இந்த முறையை மருத்துவர்கள் ஜீரோ தெரபி என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு தாங்கவில்லை என்றால் இரவில் ஒரு முறை மட்டும் மென்மையான க்ளென்சர். சாதாரண சோப்பின் பிஎச் (அமில, கார அளவு) 9, 10 வரை போகும். நம் தோலுடையது சுமார் 5. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மாறுவதால் கழுவியும் போகாது. சிண்டெட் எனப்படும் சோப்பு இல்லாத க்ளென்சர் வகையில் அந்தத் தொல்லை இல்லை. பிஎச் 5.5 என்று போட்டிருப்பதையோ, நுரைக்காத க்ளென்சரையோ எடுங்கள்.

பிராண்ட் பெயரை மட்டும் நம்பாதீர்கள். செட்டாஃபில் ஜென்டில் க்ளென்சரின் பழைய ஃபார்முலாவில்கூட சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது, பிறகுதான் மாற்றினார்கள். பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். அந்த சல்ஃபேட், ஃப்ராக்ரன்ஸ் அல்லது பர்ஃபம், மென்தால், யூகலிப்டஸ், லாவெண்டர் எண்ணெய்கள் இருந்தால் வைத்துவிடுங்கள். கோகோயில் ஐசெதியோனேட், டெசில் குளுக்கோசைடு, கிளிசரின் இருந்தால் நல்லது. அன்சென்டட் என்று எழுதியதில் வாசனையை மறைக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம். ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ என்று இருப்பதையே தேடுங்கள். பஞ்சில் நனைத்து முகம் துடைக்கும் மைசெல்லார் வாட்டர் போட்டாலும் கழுவிவிடுங்கள்.

கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று வீட்டில் அன்போடு சொல்வார்கள். இப்போதைக்கு அவை கை கால்களோடு நிற்கட்டும். மாவு உரசும், எண்ணெய் மூடிக்கொள்ளும்.

அப்புறம் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று: முதலில் பல் தேய்த்துவிட்டு, பிறகு முகம் கழுவுங்கள். பேஸ்ட் நுரை வாயோரத்தில் தங்காது. காரமான லவங்கம், பட்டை வாசனைப் பேஸ்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வெந்நீர் வேண்டாம், துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். புது க்ளென்சரைத் தாடை ஓரத்தில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்ற வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் அடங்கவில்லை என்றால் மெட்ரோநிடசோல் ஜெல்லோ, டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ மருத்துவர் தருவார். மாத்திரை பல வாரம் ஓடும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள். கண்ணைச் சுற்றிப் பரவினால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.