ராத்திரி பன்னெண்டுக்கு மேல பாடின பொண்ணு

அண்ணா வணக்கம்,

போன வாரம் கன்ட்ரி மியூசிக், அதான் அமெரிக்க கிராமத்துப் பாட்டு, அதப் பத்தி எழுதுனப்ப கனடா பாடகி ஷானியா ட்வைன் பேர ஒரே வரில சொல்லிட்டு "இந்தம்மா கதைய தனியா எழுதணும்"னு போயிட்டீங்க. அதப் படிச்சதுலேர்ந்து எங்க வீட்ல ஒரே சண்டை. என் வைஃப் காலேஜ் நாள்லேர்ந்து அவங்க ஃபேன். நான் சும்மா இல்லாம, "மொத ஆல்பம் ஃப்ளாப், அப்புறம் ஒரு பெரிய ராக் ப்ரொட்யூசர் வந்தாரு, கல்யாணம் பண்ணாரு, அடுத்த ஆல்பமே கோடிக்கணக்குல வித்துச்சு, அப்போ இது யாரோட வெற்றி?"ன்னு கேட்டுட்டேன். ரெண்டு நாள் பேச்சு இல்ல. அந்த சின்ன வயசு வறுமைக் கதைகூட கொஞ்சம் பில்டப்தானோன்னு எனக்கு டவுட்டு, எல்லா பாடகருக்கும் பேட்டிக்குன்னு ஒரு கதை இருக்குமே. நீங்களே சொல்லுங்கண்ணா.

– க.ர., ஈரோடு

அன்புள்ள தம்பி,

மொதல்ல வீட்ல சமாதானமா போயிடுங்க, ஏன்னா இந்தப் பதில் உங்க பக்கம் வரப்போறதில்ல.

நீங்க கேட்டதுல பாதி கேள்வி நியாயமானதுதான். 1995ல அந்த ரெண்டாவது ஆல்பம் வந்தப்ப அமெரிக்காவுல நெறைய பேர் இதையேதான் கேட்டாங்க. அது வித்து குவிஞ்சப்பகூட அந்தம்மா டூர் போகல, மேடைல ஏறல, அதனால "இது ஸ்டுடியோல செஞ்ச பொம்மை, நேர்ல பாட வராது"ன்னு பேச்சு கெளம்பிடுச்சு. இதுல எனக்கு சிரிப்பு எங்க வருதுன்னா, அந்த வருஷம் அமெரிக்காவுல கன்ட்ரி மியூசிக்குக்கு தலைநகர் மாதிரி இருக்கற நாஷ்வில்ல பாடிட்டிருந்த பாடகர்கள்ல மேடை அனுபவம்னு கணக்கெடுத்தா இவங்களுக்கு ஈடா ஒரு சில பேர்தான் தேறுவாங்க. இருவது வருஷத்துக்கு மேல மேடைல நின்ன ஆளு. அப்போ வயசு என்ன தெரியுமா, இருவத்தொம்பது.

கணக்கு இடிக்குதேன்னு பாக்காதீங்க, எட்டு வயசுலேர்ந்து ஆரம்பிங்க.

அவங்க நெஜப் பேரு எய்லீன். 1965ல கனடாவுல வின்ட்சர்ங்கற ஊர்ல பொறந்தாங்க. ரெண்டு வயசுல அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க, அம்மா ஷாரன் பொண்ணுங்கள கூட்டிக்கிட்டு வடக்க டிம்மின்ஸுக்கு வந்துட்டாங்க. டிம்மின்ஸ்னா டொரன்டோலேர்ந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் மேல, தங்கச் சுரங்க ஊரு, சுத்தி காடு, குளிர்னா உசுர எடுக்கற குளிர். அங்க ஜெரி ட்வைன்னு ஒருத்தர அம்மா கல்யாணம் பண்ணிக்கறாங்க. அவரு ஓஜிப்வே, அதாவது கனடா பூர்வகுடி ஆளு. அவர்தான் இந்தப் பொண்ணுங்கள தத்தெடுத்து தன் பேரக் குடுத்தாரு. பின்னாடி 1996ல, இவங்க பெரிய ஆளானதுக்கப்புறம், ஜெரி பெத்த அப்பா இல்லைன்னு அந்த ஊர் பத்திரிகையே கண்டுபிடிச்ச மாதிரி போட்டு ஒரு பெரிய சர்ச்சையாச்சு, பூர்வகுடின்னு சொல்லி ஏமாத்திட்டாங்கன்னு. எனக்கு அதுல ஒரு ஏமாத்தும் தெரியல, ரெண்டு வயசுல விட்டுட்டுப் போனவர அப்பான்னு சொல்றதா, கூட இருந்தவர சொல்றதா.

ஆனா அந்தக் கூட இருந்தவரும் லேசுப்பட்ட ஆளு இல்ல. வீட்ல அடி உதை. அம்மாவப் போட்டு அடிக்கறத பாத்துப் பாத்து, 1979ல இந்தப் பொண்ணுதான் அம்மாவ நச்சரிச்சு, ஜெரி வேலைக்குப் போயிருந்த நேரத்துல எல்லாரையும் கார்ல ஏத்தி டொரன்டோவுக்குக் கெளம்ப வச்சது. வீடில்லாதவங்க தங்கற விடுதில போய் இறங்குனாங்க. ரெண்டு வருஷத்துல அம்மா மறுபடி அவர்கிட்டயே திரும்பிட்டாங்க, அது எந்த ஊரா இருந்தாலும் நடக்கறதுதானே. இவங்க இதையெல்லாம் பின்னாடி சொல்றப்ப அவர ராட்சசனாவும் ஆக்கல, தெய்வமாவும் ஆக்கல, அதுக்காகவே இவங்க சொல்றத நான் நம்பறேன்.

வறுமை பில்டப்பான்னு கேட்டீங்க. ஸ்கூலுக்கு சாப்பாடு கொண்டுபோக இல்லாத நாள்ல டீச்சர்கிட்ட மூச்சு விடமாட்டாங்க. ஏன்னா வெளிய தெரிஞ்சா கவர்மென்ட்ல வந்து பிள்ளைங்கள ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்கங்கற பயம். வறுமைய சொல்லிக் காட்டறவங்களுக்கும் ஒளிச்சு வைக்கறவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி, இந்தக் குடும்பம் ஒளிச்சு வச்ச குடும்பம்.

இப்ப அந்த எட்டு வயசு. அந்த வீட்ல பாட்டுங்கறது கனவெல்லாம் அப்புறம், மொதல்ல வருமானம். பார்ல சரக்கு ஊத்திட்டிருக்கற நேரத்துல சின்னப் பிள்ளைங்க உள்ள வரக்கூடாது, சட்டம். அதனால சரக்கு நிறுத்தற நேரம் வரைக்கும் காத்திருக்கணும். அம்மா தூங்கற பிள்ளைய எழுப்பி, டிரஸ் மாட்டி, கிட்டார கையில குடுத்து கூட்டிட்டுப் போவாங்க. ராத்திரி பன்னெண்டுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பாட்டு, கைக்கு 20 டாலர் வரும். அந்த நேரத்துல பார்ல யாரு மிச்சம் இருப்பாங்கன்னு யோசிங்க. வீட்டுக்குப் போக மனசில்லாதவன், போக முடியாதவன், க்ளாஸ்ல கடைசி ரெண்டு மடக்கு வச்சுக்கிட்டு இன்னொண்ணு கெடைக்காதான்னு பாத்துட்டிருக்கறவன். சிகரெட் பொகை. யாரும் இந்தப் பிள்ள பாட்டக் கேக்கறதுக்காக வந்தவங்க இல்ல. அவங்க காத இந்தப் பக்கம் திருப்பணும், தொண்டைய வச்சுத்தான் திருப்பணும். அந்த இடமும் அந்தக் குடிகாரங்களும் சுத்தமா பிடிக்கல, பாட்டு மட்டும் பிடிச்சதால தாங்கினேன்னு அவங்களே சொல்லிருக்காங்க. எந்த மியூசிக் ஸ்கூல்லயும் இந்த ட்ரெய்னிங் கெடையாது, கெடைக்கவும் கூடாது, பாவம் அது எட்டு வயசுப் பிள்ள.

பத்து வயசுல சொந்தமா பாட்டு எழுத ஆரம்பிச்சாச்சு. இத குறிச்சு வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

பதிமூணு வயசுல கனடா டிவில டாமி ஹன்ட்டர் ஷோ, ஹைஸ்கூல்ல ஒரு லோக்கல் ராக் பேண்ட், மெக்டொனால்ட்ஸ்ல வேலை, இதெல்லாம் வரிசையா வருது. கோடை லீவுல ஜெரியோட காட்டு வேலை. மரம் வெட்டித் தீத்த காட்டுல திரும்ப கன்னு நடற கான்ட்ராக்ட் அவரு எடுத்திருந்தாரு. இந்தப் பொண்ணும் கன்னு நடும், மரம் அறுக்கற செயின்சா பிடிக்கும், அப்புறம் ஆளுங்கள வச்சு வேலை வாங்கற மேஸ்திரி அளவுக்கு வந்தாச்சு. பின்னாடி டிவில மின்னற டிரஸ்ல பாத்துட்டு பொம்மைன்னு சொன்னவங்க இந்தக் கைய பாத்திருக்கணும்.

1987 நவம்பர் 1. அம்மாவும் ஜெரியும் போன வண்டி கட்டை ஏத்திட்டு வந்த லாரில மோதி ரெண்டு பேரும் போயிட்டாங்க. இவங்களுக்கு இருவத்திரெண்டு வயசு, டொரன்டோல பாட வாய்ப்பு தேடிட்டிருந்த நேரம். திரும்பி வந்தா வீட்ல சின்னதுங்க மூணு, ரெண்டு தம்பி ஒரு தங்கச்சி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஹன்ட்ஸ்வில்லுங்கற ஊருக்குப் போனாங்க. அங்க டீர்ஹர்ஸ்ட்னு ஒரு ரிசார்ட், அதுல லாஸ் வேகாஸ் பாணில டெய்லி ஷோ நடக்கும். ஏற்கனவே இவங்களுக்கு வாய்ப்பு வாங்கிக் குடுக்க அலைஞ்சிட்டிருந்த மேரி பெய்லின்னு ஒரு பாடகி, பின்னாடி மேனேஜரும் அவங்கதான், அந்த வேலைய பாத்துக் குடுத்தாங்க. சாயங்காலம் இறகு வச்ச டிரஸ்ஸுல மேடைல ஆட்டம் பாட்டு, காலைல பிள்ளைங்களுக்கு சாப்பாடு, பில்லு. மூணு வருஷம் இப்படித்தான்.

நீங்க பாக்கற ஷானியா ட்வைன்ல பாதி இந்த ரிசார்ட்ல உருவானதுன்னு நான் சொல்லுவேன். அதுவரைக்கும் கிட்டாரோட நின்ன இடத்துல நின்னு பாடற பொண்ணு. டூரிஸ்ட் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல டிரஸ் மாத்தறது, ஹீல்ஸ் போட்டு படியில இறங்கிக்கிட்டே மூச்சு வாங்காம பாடறது, கூட்டம் கவனம் போறப்ப ஒரு பார்வைல இழுக்கறது, எல்லாம் அங்க டெய்லி செஞ்சு செஞ்சு வந்தது.

பிள்ளைங்க பெருசாகி அவங்கவங்க வழில போனதும்தான் தனக்குன்னு டெமோ டேப், கம்பெனிக்குக் காட்டற மாதிரிப் பதிவு. அதக் கேட்டு மெர்க்குரி நாஷ்வில்ங்கற ரெக்கார்ட் கம்பெனி இவங்கள ஒப்பந்தம் பண்ணுச்சு. எய்லீன் ஷானியா ஆனது அப்பதான்.

1993ல வந்த மொத ஆல்பம், நீங்க ஃப்ளாப்னு சொன்னீங்களே, அது. கன்ட்ரி ஆல்பம் சார்ட்ல 67க்கு மேல ஏறல. அதுலேர்ந்து தனியா விட்ட மொத ரெண்டு பாட்டும், அதான் சிங்கிள்னு சொல்றது, சிங்கிள் சார்ட்ல 55லயே நின்னுடுச்சு, ரெண்டும் ஒரே நம்பர்ல, எழுதி வச்ச மாதிரி. ஏன் போகலன்னு பாக்கணும்ல. பத்து வயசுலேர்ந்து பாட்டு எழுதற ஆளு, அந்த ஆல்பத்துல அவங்க பேர் எழுதினவங்க லிஸ்ட்ல இருக்கறது ஒரே ஒரு பாட்டுல, அதுவும் இன்னொருத்தரோட சேர்ந்து. மத்ததெல்லாம் நாஷ்வில்ல பாட்டு எழுதியே பொழைக்கறவங்க எழுதிக் குடுத்தது, பாடு போன்னு. அந்த ஊரு வழக்கம் அது, புது ஆளுன்னா அப்படித்தான். குரல் நல்லாத்தான் இருக்கும் அந்த ஆல்பத்துல, ஆனா பாடறது யாருன்னு தெரியாது.

இப்ப உங்க ப்ரொட்யூசர். மட் லாங். ஏசி டிசி, டெஃப் லெப்பர்ட்னு ரெண்டு பெரிய ராக் பேண்ட், அவங்களோட பேக் இன் ப்ளாக், ஹிஸ்டீரியாங்கற ஆல்பம் ரெண்டும் அவரு கைவேலை. இவங்க மொத ஆல்பத்தக் கேட்டுட்டு போன் போட்டாரு. யாருன்னே இவங்களுக்குத் தெரியல! போன்லயே மணிக்கணக்கா பேச்சு, இவங்க தன் சொந்தப் பாட்ட போன்லயே பாடிக் காட்டறது, இப்படிப் போய் 1993 ஜூன்ல நாஷ்வில்ல நேர்ல பாத்து, டிசம்பர்ல கல்யாணமே முடிஞ்சிருச்சு.

அவரு என்ன பண்ணாருன்னு கேட்டா, நெறைய பண்ணாரு, அத மறைக்க வேண்டியதில்ல. கன்ட்ரி பாட்டுக்கு அடையாளமான ஃபிடில், ஸ்டீல் கிட்டார் ரெண்டையும் வச்சுக்கிட்டே அடில ஸ்டேடியம் ராக் ட்ரம்ஸ போட்டாரு, கோரஸ்ல குரல் மேல குரல் அடுக்கினாரு, நாஷ்வில் கேள்விப்படாத அளவுக்கு ஸ்டுடியோல காசும் நேரமும் செலவழிச்சாரு. ஆனா அவரு மொதல்ல செஞ்சது ரொம்ப சாதாரணமான ஒரு வேலை, "உன் பாட்டு என்னென்ன வச்சிருக்க"ன்னு கேட்டாரு. கம்பெனி கேக்காதது அது. எதிர்ல இருந்தவங்ககிட்ட குடுக்க எதுவும் இல்லைன்னா அந்தக் கேள்விக்கு என்ன பிரயோஜனம்?

1995 ஆல்பத்துல நம்பர் ஒன் ஆன எனி மேன் ஆஃப் மைன் பாட்டயே எடுங்க. ஒரு பொண்ணு தன்கூட இருக்கறவன் எப்படி இருக்கணும்னு கண்டிஷன் மேல கண்டிஷன் போடறா. நான் சமைச்சு கருக்கி வச்சாலும் ஆஹா இப்படித்தான் எனக்குப் பிடிக்கும்னு சொல்லணும்ங்கற மாதிரி. கால் தட்டற தாளம் மட் லாங்கோடதுன்னு வச்சுக்கலாம், டெஃப் லெப்பர்டுக்கு அடிச்ச அதே அடி. ஆனா அந்தக் கிண்டல், அதட்டல், நடுவுல ஒரு கண்ணடி, அது பார்ல மிச்சம் இருந்த ஆம்பளைங்கள எட்டு வயசுலேர்ந்து பாத்து வளந்த பொண்ணோட வாய். அம்மா அடி வாங்கறத பாத்தவங்க எழுதற கண்டிஷன் லிஸ்ட் அது. சிரிச்சுக்கிட்டே பாடறாங்க, அதனால நமக்கு அது ஒறைக்கறதில்ல.

அந்த ஆல்பம் அமெரிக்காவுல மட்டும் 1 கோடியே 20 லட்சம். 1997ல வந்த கம் ஆன் ஓவர் உலகம் பூரா 4 கோடி தாண்டிருச்சு, ஒரு பாடகியோட ஸ்டுடியோ ஆல்பத்துல இதுக்கு மேல வித்தது கெடையாது. அதுல 16 பாட்டு, பதினாறுலயும் இவங்க பேரும் இருக்கு. மொத ஆல்பத்துல ஒண்ணு, இதுல பதினாறு. உங்க வைஃப்கிட்ட இந்தக் கணக்கக் குடுத்திருந்தா ரெண்டு நாள் பேச்சு நின்னிருக்காது, நீங்க தோத்துப்போய் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

2002ல வந்த அடுத்த ஆல்பத்த சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வகையா போட்டாங்க, அதே பாட்டுங்க, சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலத்துல நம்ம ஊர் வாடை. நீலத்த ஆசையா வாங்கிக் கேட்டேன், எனக்கு ஒத்து வரல, பிரியாணில மேப்பிள் சிரப் ஊத்தின மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம், உண்ணி கடிச்சு லைம் நோய் வந்து குரல் போனது, மட் லாங்கோட டிவோர்ஸ், குரல் திரும்பி வந்தது, அது வேற கதை, அத எழுதினா இன்னொரு கடிதம் வரும்.

மேடை விஷயத்த மட்டும் முடிச்சுடறேன். பாட வராதுன்னு சொன்னாங்களே, 1998 மே மாசம் மொத டூர ஆரம்பிச்சாங்க. எங்கன்னா லாஸ் ஏஞ்சலஸ்லயோ நியூயார்க்லயோ இல்ல, டிம்மின்ஸுக்குத் தெக்க இருக்கற சட்பரிங்கற இன்னொரு சுரங்க ஊர்ல. அடுத்த வருஷம் அந்த டூர் ஒட்டாவா வந்தப்ப அங்க ஒரு ரேடியோ போட்டி வச்சு, ஜெயிக்கறவங்க மேடைல ஷானியாகூட ஒரு பாட்டு பாடலாம்னு அறிவிச்சாங்க. ஜெயிச்சது நாபனின்னு ஒரு சின்ன ஊர்லேர்ந்து வந்த பதினாலு வயசுப் பொண்ணு. இருவதாயிரம் பேர் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து பாடினாங்க. பாடினது கம் ஆன் ஓவர் ஹிட்டு எதுவும் இல்ல, 1993ல 55லயே நின்னு போச்சே, அந்த மொத சிங்கிள். அந்தப் பொண்ணுக்கு அது வார்த்தை வார்த்தையா மனப்பாடம். பின்னாடி உலகம் பூரா பேர் வாங்கின பாடகி அது, பேரு அவ்ரில் லவீன்.