மரக் கொட்டகைக்கு மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டோரம் மரக் கொட்டகை போடும் வழக்கம் பெருகிவருகிறது. தச்சர் வேலையை முடித்து, கூரை ஏறி, வார்னிஷும் காய்ந்த பிறகுதான் பலருக்கு விளக்கு நினைவுக்கு வருகிறது. வயர்மேனைத் தச்சரோடு சேர்த்தே அழையுங்கள் என்பது என் வேண்டுகோள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 12 அடி அளவில் செங்கால் மரத்தில் கொட்டகை எழுப்புகிறோம். தூண்கள் நின்றுவிட்டன, கூரை இன்னும் ஏறவில்லை. ஒரு மின்விசிறி, நான்கு விளக்கு, இரண்டு சாக்கெட் வேண்டும். தூணின் முகப்பிலேயே வெள்ளைப் பைப் அடித்துக்கொண்டு போகலாம் என்கிறார் வயர்மேன். என் மனைவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கூரை ஏறுவதற்கு முன்பே கேட்டீர்கள், அதனால் பாதி வேலை சுலபமாகிவிட்டது.

முதலில் கொட்டகையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அங்கிருந்து எந்தெந்தப் பக்கம் கண்ணில் படவில்லை என்று பாருங்கள். உத்திரத்தின் மேல்முகம் தெரியாது. கைமரமும் உத்திரமும் சேரும் மூலை தெரியாது. பின் தூணின் வெளிமுகமும் தெரியாது. வயர் போக வேண்டிய பாதை அதுதான். நான்கு தூண்களிலும் பைப் ஏற்றத் தேவையில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பின் தூணில் மட்டும் மின்சாரம் மேலே ஏறட்டும். அங்கிருந்து உத்திரத்தின் மேல்முகம் வழியாகச் சுற்றிவந்து, தேவையான இடத்தில் மட்டும் கீழே இறங்கட்டும்.

அந்த ஒரு தூணின் வெளிமுகத்தில் தச்சரைக் காடி (நீளவாக்கில் பள்ளம்) எடுக்கச் சொல்லுங்கள். 6 அங்குலத் தூணில் 25 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் இருந்தால் 20 மில்லிமீட்டர் பைப் உள்ளே அடங்கிவிடும். மேலே அதே செங்காலில் இழைத்த ஒரு சட்டத்தை மூடியாகத் திருகிவிடுங்கள். பசை போட்டு ஒட்டவே கூடாது, பின்னாளில் கழற்ற வேண்டியிருக்கும். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு, ஈர மரத்தில் கறுப்புக் கறை விடும். செங்கால் மிகக் கடினமான மரம். முன்துளை போடாமல் திருகினால் திருகாணி பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். மூடியின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். காடிக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறாவிட்டால் எவ்வளவு நல்ல தூணும் உளுத்துப்போகும்.

உத்திரத்தைக் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் விளிம்பை உளியால் வெட்டி எடுக்க விடாதீர்கள். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. உயரத்தின் சரிபாதியில் வட்டத் துளை போடுங்கள். துளையின் விட்டம் உத்திர உயரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 150 மில்லிமீட்டர் உத்திரத்தில் 25 மில்லிமீட்டர் பைப் தாராளமாக நுழையும். கழுந்து (துளைக்குள் செருகும் மர முனை) சேரும் இணைப்புக்குப் பக்கத்தில் மட்டும் துளை வேண்டாம்.

மின்விசிறிக்கு நடுவில் தனியாக ஒரு குறுக்குக் கட்டை இப்போதே வைத்துவிடுங்கள். இறக்கைகள் தரையிலிருந்து 7 அடிக்குக் குறையாத உயரத்தில் சுற்ற வேண்டும். வெளிப்புறத்துக்கென்று செய்த விசிறியாகப் பார்த்து வாங்குங்கள். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த இறக்கை நம் ஊர் ஈரத்தில் ஊதித் தொங்கிவிடும்.

எங்காவது பைப் வெளியே தெரிந்தே ஆக வேண்டும் என்றால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மரத்தின் நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். பெயிண்ட் இருந்தால் வெயிலில் பைப் நொறுங்குவதும் குறையும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் வீட்டிலிருந்து கொட்டகை 50 மீட்டர் தள்ளி, டுரியான் மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸுக்குள் வயரை நுழைத்து மண்ணில் புதைக்கலாம் என்கிறார் அண்ணன். சரிதானா?

பதில்: வேண்டாம். அண்ணனிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஹோஸ் தண்ணீரை உள்ளே தேக்கி வைக்கும். மண்வெட்டியின் ஒரு வெட்டைக்கூட அது தாங்காது. எலியும் விடாது. செம்பனைத் தோட்டங்களில் எலியை வேட்டையாட, கூடுகட்டப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். உங்கள் நிலம் தோட்டத்தை ஒட்டியிருந்தால் எலியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரும்புக் கம்பிக் கவசம் போட்ட கேபிளை வாங்கி, குறைந்தது 500 மில்லிமீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதையுங்கள். லாரி ஏறும் வழி என்றால் இன்னும் ஆழம் வேண்டும். பாதி மண் மூடியதும் எச்சரிக்கை நாடாவை விரித்துவிட்டு மீதியை மூடுங்கள். கவசத்தை எர்த்தோடு இணைக்க மறக்கக் கூடாது.

தூரம் கூடும்போது வயரின் பருமனும் கூட வேண்டும். 50 மீட்டரில் 15 ஆம்பியர் இழுத்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 13.5 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 6 விழுக்காடு. 4 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 8 வோல்ட்டுக்குச் சற்று மேல், அதாவது 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். வயரில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் விசிறியை மந்தமாகச் சுற்றவிட வேண்டாம்.

கேள்வி: கனமழை பெய்தால் போதும், கொட்டகை மட்டுமல்ல, வீடே இருண்டுவிடுகிறது. கொட்டகை இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி வைத்தாலும், மின்கசிவு கண்டால் விழும் ஆர்.சி.சி.பி. நிற்க மறுக்கிறது. ஆர்.சி.சி.பி.தான் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அது தன் கடமையைத்தான் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உயிரைக் காக்கும் கருவி அது.

எம்.சி.பி.யை இறக்கியும் விழுகிறது என்பது நல்ல தடயம். வீட்டு எம்.சி.பி. மின்சாரம் வரும் சிவப்பு வயரை மட்டும்தான் துண்டிக்கும். மின்சாரம் திரும்பிச் செல்லும் கறுப்பு நியூட்ரல் இணைந்தே இருக்கும். கொட்டகையில் எங்கோ நியூட்ரல் ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொடுகிறது. வீட்டுக்குள் வேறு ஏதாவது ஓடும்போது அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு அவ்வழியே கசிந்து ஆர்.சி.சி.பி.யை விழச் செய்கிறது. கொட்டகை இணைப்பின் நியூட்ரலையும் டி.பி. பாக்ஸில் (மின் பங்கீட்டுப் பெட்டியில்) பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதைப் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

எங்கே ஈரம் என்று கேட்டால், முதலில் சாக்கெட் பெட்டியைச் சந்தேகப்படுவேன். இப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் திறந்தால் காணும் காட்சி எனக்குப் பழகிப்போனது. பைப் மேல்பக்கத்திலிருந்து பெட்டிக்குள் இறங்கியிருக்கும். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். எறும்பு கொண்டுவந்த மண் முனைகளைச் சுற்றிப் புற்றாகக் கட்டியிருக்கும். அந்த ஈரமண்ணுக்குள் பித்தளைத் திருகு பச்சை பூத்துக் கிடக்கும். கசிவு நடப்பது அங்கேதான்.

தீர்வு பெரிய செலவில்லை. பைப் எப்போதும் பெட்டியின் அடியிலிருந்துதான் நுழைய வேண்டும். மேலிருந்துதான் வர முடியும் என்றால், பெட்டிக்குக் கீழே வளைந்து இறங்கி மறுபடி ஏறட்டும். நுழையும் இடத்தில் கிளாண்ட் (இடைவெளியை அடைக்கும் இறுக்கு வளையம்) போட்டு இறுக்குங்கள், எறும்பும் வராது. பெட்டியின் தாழ்ந்த மூலையில் அதற்கென்றே விடப்பட்டிருக்கும் வடிகால் துளையைத் திறந்துவிடுங்கள். எவ்வளவு மூடினாலும் பைப்புக்குள் இரவில் நீர் வியர்க்கும், அது வெளியேற வழி வேண்டும். தூசியும் நீரும் புகாது என்பதைக் குறிக்க ஐ.பி. 66 என்று பெட்டியில் எழுதியிருப்பது மூடி சாத்தியிருக்கும்போது மட்டுமே பொருந்தும். பிளக் மாட்டிய நிலையிலும் மூடி சாத்தக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கொட்டகைக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டால் வீடு இருளாது. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் விழும் ஆர்.சி.சி.பி.யும், தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியரில் விழுவதும் கேட்கின்றன. சாரல் அடிக்கும் கொட்டகையை இரண்டாம் வகையாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஒருநாள் சர விளக்குக்குச் சமாளிக்கலாம். சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே வைத்து ரைஸ் குக்கரும் கெட்டிலும் போட்டால் உள்சுற்று சூடாகி உருகும். 13 ஆம்பியர் பிளக்கின் மொத்தத் தாங்குதிறனே சுமார் 3,000 வாட்தான். அதில் கெட்டில் ஒன்றே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: தோட்டத்தில் வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தில் தூண் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. ரப்பர் மரம் மேசை நாற்காலிக்கு அருமையானது. வெளியே வெயில் மழையில் நின்றால் பூஞ்சணமும் வண்டும் அரித்துவிடும்.

கேள்வி: இடி மின்னல் நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்திருக்கலாமா? துத்தநாகக் கூரைக்கு எர்த் கம்பி போட்டால் பாதுகாப்பா?

பதில்: உட்காரவே கூடாது. நான்கு பக்கமும் திறந்த கொட்டகை மழையைத் தடுக்குமே தவிர மின்னலைத் தடுக்காது. கூரைக்கு ஒரு கம்பி போட்டுவிட்டதால் அது மின்னல் காப்பிடமாக மாறிவிடாது. உலகிலேயே இடி அதிகம் விழும் பகுதிகளில் நம் நாடும் ஒன்று. பேரப்பிள்ளைகள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தால், வானம் முழங்கத் தொடங்கியதும் வீட்டுக்குள் அழைத்துவிடுங்கள். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். பொருள்களைக் காக்க வேண்டுமானால், வீட்டின் டி.பி. பாக்ஸில் மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) பொருத்தச் சொல்லுங்கள். மழை வருமுன் கொட்டகையின் பிளக்குகளைக் கழற்றுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் நானே செய்துகொள்ளலாமா? எனக்கு ஓரளவு வேலை தெரியும்.

பதில்: குழி தோண்டலாம், காடி எடுக்கலாம், பைப்புக்குப் பெயிண்ட் அடிக்கலாம். வயர் இணைப்பை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரிடம் விடுங்கள். வேலை முடிந்ததும் அதைச் சான்றளிக்கும் ஜி பாரமும் சோதனைக்கான எச் பாரமும் கேட்டு வாங்குங்கள். வயர், சாக்கெட், பிளக் எல்லாவற்றிலும் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: மழை விட்டதும் ஈசல் மொய்த்து உட்கார முடியவில்லை. விளக்கை மாற்றினால் குறையுமா?

பதில்: குறையும். வெள்ளை, நீல ஒளிதான் பூச்சியை அதிகம் இழுக்கும். 2,700 அல்லது 3,000 கெல்வின் மஞ்சள் ஒளி எல்.இ.டி. போடுங்கள். விளக்கைச் சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே தொங்கவிடாமல் உத்திரத்தின் வெளிப்பக்கம் வையுங்கள். மேசைக்கு மேலும் ஒரு விளக்கு வேண்டும் என்றால், அதற்கும் ஓரத்து விளக்குகளுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கட்டும்; ஈசல் வரும் நேரத்தில் மேசை விளக்கை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிடலாம்.