மல்டிப்ளையரில் கை வைக்காதீர்கள், முதலில் டெஸ்ட் செல்லுக்குப் போங்கள்

தம்பி, எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து வெளிநாடு வந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு பார்ப்பது எப்படி, குளிரைத் தாங்குவது எப்படி, மொழி எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "என் கணினி மாடல் காட்டும் டார்க் (முறுக்குவிசை) டெஸ்ட்டைவிட 6 விழுக்காடு கூடுதலாக வருகிறது, கணக்கைச் சரிக்கட்டப் பெருக்கும் எண்களில், அதாவது மல்டிப்ளையர்களில், எதைக் குறைக்கட்டும்?" என்கிறீர்கள். வீடும் குளிரும் பழகிவிடும், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன்.

எதையும் குறைக்காதீர்கள். அந்த 6 விழுக்காடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காற்றோட்டம் ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் எரிதல் பக்கம் போகவே வேண்டாம். வால்வு லிஃப்ட்டில் (வால்வு திறக்கும் உயரம்) லாஷ் எனும் இடைவெளியைக் கழித்தீர்களா, வால்வு வழியே காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்று சொல்லும் டிஸ்சார்ஜ் கோயஃபிஷியன்ட், காற்றோட்டம் அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் அளந்ததா, அல்லது பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று பாருங்கள். காற்று ஒத்துப்போய் ஐமெப் (சிலிண்டருக்குள் வாயு பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம்) தப்பினால் எரிதல் வேகம், வெப்ப இழப்பு. ஐமெப்பும் ஒத்துப்போய் டார்க் மட்டும் தப்பினால் உராய்வு, இல்லாவிட்டால் டார்க்கை அளக்கும் டைனோ.

டைனோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாடு மாறினால் புவியீர்ப்பும் மாறும். நிலநடுக்கோட்டருகே 9.78, துருவத்தருகே 9.83. டைனோவின் 1 மீட்டர் நீளக் கையில் 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் நிலநடுக்கோட்டருகே 195.6 நியூட்டன் மீட்டர், துருவத்தருகே 196.6. அரை விழுக்காடு அதிலேயே போயிற்று. உள்ளூர் மதிப்பைப் போட்டுத்தான் கேலிபரேஷன் செய்ய வேண்டும். எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், டைனோவின் தண்ணீர்க் குழாய் விறைத்துக்கொண்டு உடலைத் தள்ளுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது, அளந்த டார்க்கைப் பொதுவான வானிலைக்கு மாற்றும் திருத்தக் காரணி. ஐஎஸ்ஓ 1585, எஸ்ஏஇ ஜே1349 தரநிலைகள் இரண்டுக்குமே அடிப்படை 25 டிகிரி, 99 கிலோ பாஸ்கல் உலர் காற்றழுத்தம். உலர் என்பதை மறக்காதீர்கள். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் நீராவியே 3.4 கிலோ பாஸ்கலை எடுத்துக்கொள்கிறது. திருத்திய டெஸ்ட் டார்க்கைத் திருத்தாத மாடலோடு ஒப்பிடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. அன்றைக்கு எஞ்சினைச் சோதித்த அறையான டெஸ்ட் செல்லில் இருந்த அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதத்தையே மாடலுக்குக் கொடுத்து, திருத்தாத எண்ணோடு திருத்தாத எண்ணை வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட பெரிய கண்ணி, பிஸ்டன் உச்சியைத் தொடும் இடமான டிடிசி. கிராங்க் கோணத்தைச் சொல்லும் என்கோடர் ஒரே ஒரு டிகிரி தப்பினால் ஐமெப் 5 முதல் 10 விழுக்காடு வரை போய்விடும். அழுத்த வளைவு தாமதமாகப் பதிவானால் ஐமெப் கூடும், அதிலிருந்து டார்க்கின் பங்கைக் கழித்து எடுக்கும் உராய்வு வீங்கித் தெரியும். முந்திப் பதிவானால் உராய்வு சுழியத்துக்குக் கீழேகூடப் போகும். எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். வெப்ப இழப்பாலும் கசிவாலும் உச்ச அழுத்தம் டிடிசிக்கு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி முன்பே வர வேண்டும். டிடிசியிலோ அதற்குப் பிறகோ வந்தால் என்கோடர் பொய் சொல்கிறது. லாக் (மடக்கை) அழுத்தம், லாக் கனஅளவு வரைபடத்தில் அமுக்கக் கோடும் விரிவுக் கோடும் உச்சியருகே ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதும் அதே நோயின் அறிகுறிதான்.

சிலிண்டருக்குள் இருக்கும் பீசோ சென்சார் அழுத்த மாற்றத்தை மட்டுமே சொல்லும், முழு அழுத்தத்தைச் சொல்லாது. பிஸ்டன் அடியைத் தொடும் இடமான பிடிசியருகே இன்டேக் அழுத்தத்தோடு அதைக் கட்டிப்போட வேண்டும். இங்கே பிழை நேர்ந்தால் ஐமெப் அசையாது, ஏனென்றால் மாறாத ஒரு எண் சுழற்சி முழுவதும் கூட்டினால் சுழியமாகிவிடும். அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. வெப்ப வெளியீட்டுக் கணக்குதான் கெட்டுப்போகும். லாக் வரைபடத்தில் அமுக்கக் கோடு நேராக இல்லாமல் வளைந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகுதான் மாடல். அளந்த அழுத்தத்திலிருந்து எடுத்த எரிதல் வீதத்தை முதலில் அப்படியே கொடுங்கள், எரிதலைச் சூத்திரத்தால் வரையும் வீபே வளைவு பிறகு. கணக்குக்காக மாடலில் குழாய்களைத் துண்டுகளாகப் பிரிக்கும் நீளம் இன்டேக்கில் சிலிண்டர் விட்டத்தில் 0.4 மடங்கு, எக்ஸாஸ்ட்டில் 0.55 மடங்கு என்பது நல்ல தொடக்கம். வெப்ப இழப்பு மல்டிப்ளையரை ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொன்றாக வைத்தீர்களானால் அது மாடல் அல்ல, வளைவுக்கு ஒட்டுப்போட்ட துணி.

மொழி எவ்வளவு வேண்டும் என்று கேட்டீர்களே, செல்லில் இருக்கும் டெக்னீஷியனோடு பேசுமளவுக்கு வேண்டும். இங்கே வந்த நம்மவர்களில் பலர் பத்து ஆண்டுகளாகியும் திரையை விட்டு எழுந்து அந்தக் கதவைத் திறந்ததில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம். போன வாரம் சென்சார் மாற்றினார்களா, எந்த ஹோஸ் கசிந்தது என்பதெல்லாம் ஃபைலில் இருக்காது. அவர்கள் வாயிலிருந்துதான் வரும். அவர்கள் மொழியைத் தட்டுத்தடுமாறியாவது நான் கற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை உண்டு.

டிடிசியை டயல் கேஜ் வைத்துப் பிடிப்பதை அவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். பிளக் துளை வழியாக ஊசியை பிஸ்டன் மேல் நிறுத்தி, உச்சிக்கு முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டர் இறங்கிய இடங்களை டிகிரி வட்டில் குறித்து, நடுவை எடுப்பார்கள். உச்சியில் பிஸ்டன் அசைவதே தெரியாது, அதனால்தான் நேரே உச்சியைத் தேடுவதில்லை. டிடிசியை அளக்கும் புரோப் இருக்கும் இந்தக் காலத்திலும், புதிதாக எஞ்சின் ஏற்றிய நாளில் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஃபைலைத் திறக்கிறேன்.