ஸ்டீயரிங் திருப்பினால் முனகல்: பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

கடலூரில் ஓடும் உங்கள் பழைய காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகல் கேட்கிறது, புது பவர் ஸ்டீயரிங் பம்ப் (ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப்) போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

இந்த முனகலுக்குப் பெரும்பாலும் காரணம் பம்ப்புக்குள் புகும் காற்று. வண்டியை ஓட்டி நிறுத்தியதும் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் முதல் சந்தேகம் கசிவுதான். நுரை தெரிந்தால், டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். அது உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பு தளர்ந்தால், ஆயில் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் காற்றை மட்டும் இழுக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். நம் ஊர் உப்புக் காற்றில் ஹோஸ் கிளிப் துருப்பிடிப்பது புதிதா என்ன? ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள். டப்பாவுக்குள் வடிகட்டும் வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாக முழுவதும் திருப்புங்கள். குமிழி நிற்கும்வரை ஆயில் குறையவிடாதீர்கள். பிரேக் ஆயில் கூடவே கூடாது, சீல்கள் கெட்டுவிடும்.

முனகலாக இல்லாமல் கீச்சென்று கத்தினால் பம்ப்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் பம்ப்புக்குச் செலவழிக்கலாம்.