ஓய்வில் தீராத சோர்வு

வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பரிசோதனை முடிவுகள் நன்றாக இருந்தும், குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக் கையைத் தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவரோ நடைப்பயிற்சியும் மனநல ஆலோசனையும் வேண்டும் என்கிறார். என் சோர்வை மனப்பிரமை என்று நினைக்கிறாரா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சோர்வு பிரமை அல்ல. என் அக்காவும் சிகிச்சைக்குப் பிறகு ஈரத்துண்டை மடியில் வைத்தபடி அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். நாங்களும் அன்பினால் அவரை எழவே விடவில்லை. அது தவறென்று பிறகுதான் புரிந்தது.

உழைத்த அலுப்பு தூங்கினால் போய்விடும்; இந்தச் சோர்வு தூங்கி எழுந்தாலும் போகாது. படுத்தே இருக்க இருக்கத் தசை மெலிந்து, சிறு வேலையும் பாரமாகி, அந்தப் பாரமே மறுபடியும் நம்மைப் படுக்கையில் தள்ளுகிறது. 11,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, இச்சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மருந்துகளைவிட மேலானவை என்று கண்டது. உங்கள் மருத்துவர் சொன்னது இதைத்தான்.

அதற்கு முன் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலி, தூக்கமின்மை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. வாரத்துக்கு மூன்று நாள், முப்பது நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அது போய்ச் சேர வேண்டிய இடமே தவிர, தொடங்கும் இடம் அல்ல. அக்கா ஐந்து நிமிடத்தில்தான் தொடங்கினார். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகம் போதும். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி இருக்கும் நாளில் நடக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆலோசனை என்பது உங்களைச் சந்தேகிப்பது அல்ல. தெம்பான ஒரு நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது, நோய் திரும்புமோ என்ற பயத்தில் இரவெல்லாம் விழித்திருப்பது, இன்று நடந்தால் நாளை முடங்கிவிடுவோம் என்று அஞ்சுவது ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, பழக்கத்தை மாற்ற உதவுவதே அங்கு நடக்கும் வேலை.

நாளை குளித்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றித் தலை துவட்டுங்கள். அதில் மிச்சமாகும் தெம்பை மாலையில் ஐந்து நிமிட நடைக்கு எடுத்து வையுங்கள்.