மகள் மக்னீசியம் தகட்டில் புராஜெக்ட் எடுத்திருக்கிறாள், வேலை கிடைக்குமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்கல் படிக்கும் மகள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு மக்னீசியக் கலவைத் தகட்டை எடுத்திருக்கிறாள், நம் பக்கம் இதை வைத்து என்ன செய்வாள் என்று.

மக்னீசியத் தகடு மட்டும்தான் என்று தேடினால் வேலை அபூர்வம். கார்களில் அது பெரும்பாலும் வார்ப்புப் பாகமாகத்தான் போகிறது. ஆனால் முரண்டு பிடிக்கும் தகட்டோடு மல்லுக்கட்டியவருக்கு ஸ்டீலும் அலுமினியமும் சாதாரணம். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து பிரஸ் ஷாப், டை (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சு) வடிவமைப்பு வேலைகளுக்கு இந்த அறிவு நேரடியாக உதவும். தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். அகலக்கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் கலைத்தட்டுக்கு வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டினால் சாமி உருவம் புடைத்து வருகிறது. ஏஇசட்31 என்ற மக்னீசியக் கலவைத் தகட்டை அப்படித் தட்டினால் மூக்கு எழும்புவதற்குள் விரிசல் விட்டுவிடும். வெள்ளியின் படிகத்தில் அணு அடுக்குகள் பல திசைகளில் வழுக்கும். மக்னீசியத்தின் அறுகோணப் படிகத்தில் சாதாரண வெப்பநிலையில் சுலபமாக வழுக்குவது அந்த அறுகோணத்தின் அடித்தளம் மட்டுமே. எந்த வடிவத்துக்கும் வளைய ஐந்து தனித்தனி வழுக்கல்கள் வேண்டும். இந்த ஒரு தளத்தில் கிடைப்பது இரண்டு. போதாக்குறைக்கு, தகடாக உருட்டும்போது அந்தத் தளங்கள் கட்டுக்கட்டாய் அடுக்கிய வாழையிலை போலத் தகட்டுக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. இதைத்தான் டெக்ஸ்சர் என்பார்கள். நேர்முகத் தேர்வில் இந்த ஒரு பத்தியைத் தடுமாறாமல் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டெக்ஸ்சரைத் தளர்த்தச் சிறிதளவு கால்சியமோ அருமண் உலோகமோ கலக்கலாம், மேல் உருளையையும் கீழ் உருளையையும் வெவ்வேறு வேகத்தில் ஓட்டி உருட்டலாம். ஓராண்டில் புதுக் கலவை உருக்குவதெல்லாம் வேண்டாம். காப்பு வாயு சரியில்லாவிட்டால் உருகிய மக்னீசியம் தீப்பிடிக்கும். 1 மில்லிமீட்டர் தகட்டை வாங்கி, 90 மில்லிமீட்டர் சதுரங்களாக வெட்டி, எரிக்சன் சோதனை செய்யட்டும். 20 மில்லிமீட்டர் குண்டு தகட்டை அழுத்தும். விரிசல் விடும்வரை எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிற்று என்பதே விடை. அறை வெப்பநிலை, 150, 200, 250 டிகிரி என்று நான்கு நிலை, ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டு. சுமார் 200 டிகிரிக்கு மேல் மற்ற தளங்களும் வழுக்கத் தொடங்குவதால் ஆழம் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது சூடாக்குவதில்தான். உலையில் சூடாக்கி, இடுக்கியால் எடுத்து, குளிர்ந்த டையில் வைப்பார்கள். மெல்லிய தகடு டையைத் தொட்டதுமே ஆறிவிடும். குறித்துவைத்தது 250 டிகிரி, உண்மையில் அழுத்தியது அதைவிட வெகு குறைவில்! டையையே ஹீட்டரால் சூடாக்கி, தகட்டில் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியை வைத்து அளக்க வேண்டும். அதிக நேரம் சூட்டில் விட்டாலும் படிகத்துகள் பெருத்து, தகட்டின் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் போல ஆகும். சாதாரண எண்ணெய் புகைந்து போகும், கிராஃபைட் தடவலாம். வெட்டிய விளிம்பின் பிசிறை ராவி எடுக்காவிட்டால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். ராவிய தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். உலர்ந்த மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் கேட் தேர்வை மெக்கானிக்கல் தாளிலேயே எழுதலாம். மெட்டலர்ஜி துறை திருச்சி என்.ஐ.டி.யிலேயே இருக்கிறது. அதெல்லாம் பிறகு. தகடு வாங்கப் பணம் கட்டுவதற்கு முன், கல்லூரியின் எரிக்சன் கருவியில் டையைச் சூடாக்கும் வசதி உண்டா என்று இந்த வாரமே லேபில் கேட்டு வரச் சொல்லுங்கள்.