வயரிங் கேள்வி – பதில்: அந்தப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எட்டு வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அத்துப்படி. எலக்ட்ரிக்கல் வந்தால் மட்டும் வெளியே அனுப்பிவிடுவேன். இப்போது வயரிங் வேலைதான் அதிகம் வருகிறது, நானே இறங்கலாம் என்றிருக்கிறேன். பவர் கொடுக்கும் புரோப், ஷார்ட் தேடும் டிரேசர், சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஓசிலாஸ்கோப், வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டுகளைப் படிக்கும் பெரிய ஸ்கேனர் நான்கும் சேர்ந்த செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கையில் இருப்பது ஒரு சாதாரண மல்டிமீட்டரும் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பும்தான். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?

பதில்: கடன் வேண்டாம் தம்பி. செட்டாக வாங்கவே வேண்டாம்.

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு டிரேசர் கிடக்கிறது. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது, இரண்டு தடவை எடுத்திருப்பேன். இரண்டாம் தடவை எடுத்தபோது உள்ளே இருந்த பேட்டரி கசிந்து களிம்பேறியிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஷார்ட் ஆகியிருந்த லைனில் உள்ள லோடுகளை, அதாவது கரன்ட் இழுக்கும் பல்பு, மோட்டார் போன்றவற்றை, கழற்றினேன். எரிந்துபோன பியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்துவிட்டு வயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனேன். ஷார்ட் இருந்ததால் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்த பல்பு சீட்டுக்கு அடியில் ஓரிடத்தை அசைத்ததும் அணைந்தது. சீட் ரெயிலில் உரசித் தோல் போன வயர்! டிரேசர் இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் மல்டிமீட்டருக்கு வருவோம். பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? பல்புக்குப் போகும் வயர் சொருகியிருக்கும் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைப்பார்கள். 12.6 காட்டும். “கரன்ட் வருது, பல்புதான் போயிடுச்சு” என்பார்கள். வருவது கரன்ட் இல்லை தம்பி, வெறும் வோல்ட். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கடுகளவு கரன்ட்டுக்கு அது ராஜபாட்டை. 55 வாட்ஸ் பல்புக்கோ நாலரை ஆம்பியர் போக வேண்டும். அங்கேதான் ஒற்றை இழைக்கு மூச்சு முட்டும்.

ஒரு வண்டி வந்தது. இடது ஹெட்லைட் மட்டும் மங்கல். ஏற்கெனவே இரண்டு பேர் கைவைத்து பல்பு, ஹோல்டர், ரிலே எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. நான் எதையும் கழற்றவில்லை. லைட்டைப் போட்டு எரியவிட்டு, கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளந்தேன். பல்பின் இரு முனைகளுக்கு இடையே 9.4 வோல்ட். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவுக்கு 0.3. பல்பின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 2.7. மூன்றையும் கூட்டுங்கள், 12.4. அந்த நேரம் பேட்டரியில் இருந்ததும் அதேதான். காணாமல் போன வோல்ட்டில் முக்கால்வாசிக்கும் மேல் எர்த்தில் சிக்கிக் கிடந்தது. பெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) உள்ளே எர்த் போல்ட்டைத் தேடிப் பிடித்தால், டிங்கரிங் செய்தவர் அதற்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். எமரி பேப்பரால் நாலு தேய், வேலை முடிந்தது. இதற்கு என்ன ஸ்கேனர் வேண்டும்?

கணக்கு இதுதான்: லோடு ஓடும்போது எர்த் பக்கம் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் சந்தேகப்படுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மெயின் கேபிளில் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஊசியை வயரின் மேல்தோலில் குத்தவே குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் உங்களிடமே புது கம்ப்ளெயின்ட்டாகத் திரும்பி வரும்.

இனி, எதை வாங்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் டிசி கிளாம்ப் மீட்டர், வயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தே கரன்ட்டை அளப்பது. “ராத்திரி நிறுத்தினேன், காலையில பேட்டரி டவுன்” என்று வருகிற வண்டிகளுக்கு அதுதான் கைகொடுக்கும். இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசியை மட்டும்தான் அளக்கும். டிசி என்று எழுதியிருந்தாலும் 400 ஆம்பியர் ரேஞ்ச் மட்டும் உள்ளதில் 50 மில்லி ஆம்பியரைப் பார்க்க முடியாது. 10 மில்லி ஆம்பியர் அல்லது அதைவிட நுட்பமாகக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். அளக்கும் முன் ஜீரோ பட்டனை அமுக்குங்கள். கதவைத் திறந்துவைத்து கதவு மூடியது என்று வண்டி நினைக்கும்படி லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் பூட்டிவிட்டு, அரை மணி நேரமாவது வண்டியைத் தூங்க விடுங்கள். உள்ளே உள்ள யூனிட்டுகள் ஒவ்வொன்றாக அடங்க நேரம் எடுக்கும், சில வண்டிகளுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கினால் நல்லது. அரை ஆம்பியர் நின்றுகொண்டிருந்தால் நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போகும். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று நான்கு நாளில் கையை விரித்துவிடும்.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இன்றைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் சின்ன ரீடர் படிப்பது பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்ட இன்ஜின் பழுதுக் குறியீடுகளைத்தான். ஏபிஎஸ், ஏர்பேக் பார்க்க அந்தந்த கம்பெனி மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அதற்கு வருஷா வருஷம் அப்டேட் சந்தா எவ்வளவு என்று கேட்காமல் கைநீட்டாதீர்கள். இன்னொன்று, பி0335 என்ற குறியீடு வந்தால் கிராங்க் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த லைனில் சிக்னல் சரியாக இல்லை என்பதுதான் தகவல். இது புரியாத காலத்தில் நானே ஒரு வண்டிக்கு இரண்டு சென்சார் மாற்றியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் வயர் இன்ஜினில் உரசி அறுந்திருந்தது.

பவர் கொடுக்கும் புரோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நல்ல கருவிதான், ஃபேனையோ ஹார்னையோ இருந்த இடத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒருநாள் அவசரத்தில் நான் 5 வோல்ட் சென்சார் வயரில் ஊசியை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கிவிட்டேன். முழு 12 வோல்ட்டும் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் போய்விட்டது. புது யூனிட்டுக்கு என் கையிலிருந்துதான் கொடுத்தேன். எந்த வயர் எங்கே போகிறது என்று வயரிங் டயகிராம் பார்த்துப் படிக்க வரும்வரை அதைத் தொடாதீர்கள். சொல்லப்போனால் செட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் நல்ல டயகிராம்களுக்குச் சந்தா கட்டுங்கள்.

ஓசிலாஸ்கோப்பை இப்போதைக்கு விடுங்கள். கிராங்க், கேம் சிக்னல் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா, கண் சிமிட்டும் நேரத்தில் எங்கே விட்டுப்போகிறது என்றெல்லாம் அது காட்டும். மீட்டர் சராசரியைத்தான் சொல்லும். ஆனால் சரியான அலை எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு அது வெறும் கோலம். நல்ல வண்டிகளில் வைத்து ஒரு வருஷம் பழக நேரம் இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் லைன் பார்க்கத் தனிக் கருவி வேண்டுமா?

பதில்: முதல் பரிசோதனைக்கு வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் கட். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு பின்னிலும் லைன் இல்லாத வண்டி, நடுவில் கேட்வே (லைன்களைப் பிரித்து இணைக்கும் யூனிட்) உள்ள வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது, டயகிராமைப் பாருங்கள்.

கேள்வி: பழைய டெஸ்ட் லேம்ப்பைத் தூக்கிப்போட்டு எல்ஈடி லேம்ப் வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்ஈடி கொஞ்சம்தான் இழுக்கும், அறுந்த வயரிலும் எரிந்து ஏமாற்றும். பழைய பல்பு கால் ஆம்பியர், அரை ஆம்பியர் இழுப்பதால் உண்மையைச் சொல்லும். அதே காரணத்துக்காக அதைக் கன்ட்ரோல் யூனிட் வயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளருக்கு எந்த லேம்ப்பும் ஆகாது, ஓம்ஸ் மீட்டரும் ஆகாது.